பரிசோதனையிற் கட்டுப்பாடு

(எமது வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)





இக்கூட்டத்துக்கான அறிவித்தலிலே "கட்டுப்பாடு" என்னும் சொல்லைக் கண்ட பெரியவர் ஒருவர் எம்மை வாயிலில் நிறுத்தி, "நல்ல விஷயந்தான் தம்பி; இந்தக் காலத்துப் பொடியளுக்கு உறைக்கச் சொல்லும்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அவருடைய எதிர்பார்ப்பைப் பொய்யாக்க வேண்டியிருப்பதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுகின்றோம். நாம் பேச வந்தது வாலிபர்களின் கட்டுப்பாட்டைப் பற்றி அன்று. பரிசோதனைகளிலே, அதிலும் உயிரியற் பரிசோதனைகளிலே, கைக்கொள்ளப்படும் கட்டுப்பாட்டைப் பற்றியது. ஆயினும் இரண்டுக்கும் உறவு இல்லாமலில்லை என்பதைப் பேச்சின் முடிவில் அப்பெரியவரும் ஒத்துக்கொள்வார் என நம்புகின்றோம்.

உயிரியல் பயிலும் மாணாக்கரேயன்றி நாம் அறிஞர் அல்லோம். படித்தவற்றுட் கொஞ்சமும் பட்டவற்றுட் கொஞ்சமும் உங்கள்முன் வைக்கின்றோம். குற்றங்குறை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பனை நிறைந்த எமது மாவட்டத்திலே இதனை விளக்க வேண்டியதில்லை. காகம் வந்து இருந்தது, பழம் விழுந்தது, காகந்தான் விழுத்தியது என்று பார்த்தவன் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, கண்டதையே சொன்னான். ஆயினும் அவன் சொன்னது மெய்யா என்று அறிவது எப்படி? காகத்தை உற்று உற்றுப் பார்ப்பதால் அறிய முடியாது. அதே தோப்பிலே, அதே பருவத்திலே, அதே காற்றிலே நிற்கின்ற, காகம் இருக்காத இன்னொரு பனையைப் பார்க்க வேண்டும். அங்கும் பழம் விழுகின்றதென்றால் காகத்தின்மேற் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை.

காகம் இருக்காத அந்தப் பனைதான் விஞ்ஞானத்திலே கட்டுப்பாடு எனப்படுவது. நாம் ஆராய விரும்பும் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்ததாய், பக்கத்திலே வைத்துப் பார்க்கப்படும் இரண்டாவது பொருள் அது. விஷயம் இவ்வளவே. ஆனால் இவ்வளவு எளிய இந்த எண்ணத்தை மறந்தபடியால் கற்றோர் எத்தனையோ முறை இடறியிருக்கின்றார்கள். நாமும் இடறியிருக்கின்றோம். அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

நாம் பயின்றது ஒரு மிசன் பாடசாலை. அங்கே உயர்தர வகுப்பிலே ஒருநாள் உமிழ்நீர் மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் என்பதைக் காட்டும் பரிசோதனை. மாப்பொருட் கரைசலில் அயடீன் ஒரு துளி விட்டால் கருநீலம் தோன்றும். உமிழ்நீர் சேர்த்துச் சற்றுநேரம் வைத்தபின் அயடீன் விட்டால் நீலம் தோன்றாது. மாப்பொருள் வெல்லமாக மாறிவிட்டது என்பது பொருள். நாம் ஒரு சோதனைக் குழாயிலே மாக்கரைசலையும் உமிழ்நீரையும் கலந்து வைத்தோம். பத்து நிமிடம் கழித்து அயடீன் விட்டோம். நீலம் வரவில்லை. மகிழ்ச்சியோடு முடிவை எழுதி, கீழே கோடும் இழுத்துவிட்டோம்.

ஆசிரியர் கொப்பியைப் பார்த்தார். "இரண்டாவது குழாய் எங்கே?" என்று கேட்டார். உமிழ்நீருக்குப் பதிலாக வெறும் தண்ணீர் சேர்த்த குழாயைத்தான் அவர் கேட்டார். அது வீண்வேலை என்று நாம் விட்டுவிட்டோம். தண்ணீர் மாவைச் சமிக்கச் செய்யாது என்பது யாருக்குத்தான் தெரியாது? அவர் ஒன்றும் பேசாமல், அந்தக் குழாயைத் தம் கையாலேயே ஆயத்தஞ் செய்து, எமது போத்தலிலிருந்து அயடீன் ஒரு துளி விட்டார். அதிலும் நீலம் வரவில்லை! வகுப்பு முழுவதும் மௌனம். யன்னலோரத் தட்டிலே வெயிலிற் கிடந்த அந்த அயடீன் வலுவிழந்து போயிருந்தது. எமது உமிழ்நீர் எதையாவது செய்ததோ இல்லையோ, எமது பரிசோதனை அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

புதிய அயடீன் எடுத்து மீண்டுஞ் செய்தோம். இம்முறை மூன்று குழாய்கள். தண்ணீர் சேர்த்தது கருநீலமாயிற்று. உமிழ்நீர் சேர்த்தது நீலமாகவில்லை. கொதிக்கவைத்து ஆறவிட்ட உமிழ்நீர் சேர்த்தது மீண்டுங் கருநீலமாயிற்று. முதலாவது குழாய் அயடீன் நல்லது என்றும், நீலம் வரவேண்டிய இடத்தில் வரும் என்றும் சான்று சொன்னது. மூன்றாவது குழாய், வேலை செய்வது வெப்பத்தால் அழியும் ஒரு நொதியம் என்று சான்று சொன்னது. இவ்விரண்டு சாட்சிகளும் வந்தபின்னரே நடுவில் நின்ற குழாயின் சொல் எடுபட்டது.

"நீங்கள் முதலில் எழுதிய முடிவுஞ் சரிதானே, சேர்?" என்று ஒரு நண்பன் துணிந்து கேட்டான். "சரிதான். ஆனால் அது உங்கள் குழாய் சொன்ன முடிவு அல்ல. புத்தகம் சொன்ன முடிவு. குழாய் பொய் சொன்னாலும் நீங்கள் அதையே எழுதியிருப்பீர்கள்" என்றார் ஆசிரியர். அந்தச் சொல் இன்றும் எம் மனத்திற் கிடந்து குத்துகின்றது.

உயிரியலிலே இந்தக் கவனம் ஏன் மிகுதியாக வேண்டும் என்று கேட்கலாம். கல்லை விட்டால் அது இன்றும் விழும், நாளையும் விழும். நாம் தொடாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்கும். உயிர் அப்படி அன்று. நாம் ஒன்றுஞ் செய்யாமலே அது வளரும், வாடும், நோயுறும், தேறும். தடிமனுக்கு மருந்தெடுத்தால் ஏழு நாளில் மாறும். எடுக்காவிட்டால் ஒரு கிழமையில் மாறும் என்று பகிடியாகச் சொல்லுவார்கள். பகிடியானாலும் உண்மை அதில் உண்டு. மருந்து குடித்தவன் தேறினான் என்பதைக் கொண்டு மருந்து தேற்றிற்று என்று சொல்லிவிட முடியாது. குடிக்காதவன் என்ன ஆனான் என்பதும் தெரியவேண்டும். அன்றியும், ஒரே தாய்க்கோழியின் குஞ்சுகளிலும் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஆகையால் ஒன்றை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. பலவற்றை ஒப்பிட வேண்டும்.

கோழியைச் சொன்னபடியால் கோழிகளின் கதையொன்றையே இனிச் சொல்லுகின்றோம். அது எமது சோற்றுப்பானையோடுந் தொடர்புடைய கதை.

பெரிபெரி என்றொரு நோய். கால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் சோர்ந்து மனிதர் இறப்பர். சோறுண்ணும் கீழைத்தேயங்களிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பல்லாயிரவரைக் கொன்றது. அக்காலத்தில் ஒல்லாந்தருடைய ஆட்சியிலிருந்த யாவாத்தீவிலே, பத்தேவியா நகரத்து இராணுவ வைத்தியசாலையில், கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் வைத்தியர் இந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய்கள் கிருமிகளால் வருவன என்று பாஸ்டரும் கொக்கும் நிலைநாட்டிய காலம் அது. பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்கவேண்டும் என்று நம்பி, நோயாளரிடமிருந்து எடுத்ததைக் கோழிகளுக்குள்ளே செலுத்திப் பார்த்தார்கள். கோழிகளின் கால்கள் தளர்ந்தன, அவை விழுந்தன. கிருமி அகப்பட்டுவிட்டது என்று மற்றொருவர் கூத்தாடியிருப்பார்.

ஆனால் எதுவுஞ் செலுத்தாத கோழிகள் சிலவும் பக்கத்திலே இருந்தன. அவைதாம் கட்டுப்பாட்டுக் கோழிகள். அவையும் விழுந்தன! அவை இல்லாதிருந்தால் எய்க்மன் இல்லாத கிருமியொன்றைக் கண்டுபிடித்தவராய் உலகத்தை நெடுங்காலம் ஏமாற்றியிருப்பார், தாமும் ஏமாந்திருப்பார்.

சிலகாலத்தில் நோய் வந்ததுபோலவே தானாகப் போயிற்று. ஏனென்று விசாரித்தபோது தீவனத்தின் கதை வெளிவந்தது. ஆய்வுகூடத்துப் பணியாளர் செலவைக் குறைப்பதற்காக வைத்தியசாலைக் குசினியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருக்கின்றார். பின்னர் புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துச் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். அதனால் பழையபடி தவிடு நீங்காத அரிசி போடப்பட்டது, கோழிகள் தேறின. எய்க்மன் இதனைக் கேள்விப்பட்டவுடன் நம்பிவிடவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. சில கோழிகளுக்குத் தீட்டிய வெள்ளையரிசியும் சிலவற்றுக்குத் தீட்டாத அரிசியும் கொடுத்துத் தாமே ஒப்பிட்டுப் பார்த்தார். முன்னவை விழுந்தன, பின்னவை நின்றன. விழுந்தவற்றுக்குத் தவிடு கொடுக்க அவையும் எழுந்தன. 1929 ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசிலே ஊசி படாத அந்தக் கோழிகளுக்கும் ஒரு பங்கு உண்டென்பது எமது எண்ணம்.

சபையோரே, கோழிக்கு வந்தது மனிதருக்குப் பொருந்துமா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. இங்கேதான் எம்மவர் கதைக்குள் வருகின்றார்கள். அக்காலத்து மலாயாவை இங்குள்ள முதியோர் பலர் கேள்வியால் அறிவர். "மலாயாப் பென்சன்" என்ற சொல் யாழ்ப்பாணத்திலே வழங்கியதும் அத்தொடர்பினாலேயே. அங்கே சுரங்கங்களில் வேலைசெய்த சீனர்களிடையே பெரிபெரி கொடிதாய்ப் பரவிற்று. தோட்டங்களில் வேலைசெய்த தமிழர்களிடையேயோ அது அருமை. பிரடன் என்னும் வைத்தியர் இதைக் கவனித்தார். சீனர் உண்டது ஆலையிலே தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது நெல்லை ஊறவைத்து அவித்துக் குத்திய புழுங்கலரிசி. ஆகவே காரணம் அரிசியே என்றார்.

இது போதுமா? போதாது என்று வாதாட இடமிருந்தது. தமிழனுக்குஞ் சீனனுக்கும் அரிசி ஒன்றிலா வேறுபாடு? கறி வேறு, வேலை வேறு, இருப்பிடம் வேறு, பழக்கவழக்கம் வேறு. இரண்டு பனைகளும் ஒரே தோப்பில் நிற்கவில்லை. ஆதலால் காகத்தைக் குற்றஞ்சொல்ல முடியவில்லை.

1905 ஆம் ஆண்டின் இறுதியிலே கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் வில்லியம் பிளெச்சர் என்னும் வைத்தியர் அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார். நோயாளரை வரிசையில் நிற்கவைத்து எண்ணிட்டார். ஒற்றை எண் பெற்றவர்கள் ஒரு விடுதிக்கு; இரட்டை எண் பெற்றவர்கள் மற்ற விடுதிக்கு. ஒரு விடுதியில் பச்சையரிசிச் சோறு, மற்றதிற் புழுங்கலரிசிச் சோறு. ஏனைய உணவெல்லாம் ஒன்று. நல்ல உடல்நிலையுள்ளவரை ஒருபக்கமும் நலிந்தவரை மறுபக்கமும் சேர்க்காதபடி எண்ணே பிரித்துவிட்டது. விடுதியின் காற்றோ நிலமோ காரணம் என்று யாரும் சொல்லாதபடி, ஆண்டின் நடுவிலே இரு பகுதியாரையும் விடுதி மாற்றி இருத்தினார். சோற்றை மட்டும் மாற்றவில்லை. ஓராண்டின் முடிவிலே, பச்சையரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயுடன் காணப்பட்டவர் இருவரே. அவ்விருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் ஒருவருமில்லை.

அதன்பின் பிரேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர், காட்டிலே தெருப்போடச் சென்ற யாவாத் தொழிலாளர் 300 பேரை இரு பிரிவாக்கி இதே விதமாகப் பார்த்தனர். பச்சையரிசி உண்ட பிரிவிலே நோய் கண்டதும் அரிசியை மாற்றிக் கொடுத்தனர். அங்கே நோய் நின்றது. முன்பு சுகமாயிருந்த பிரிவிலே நோய் தொடங்கிற்று. 1909 ஆம் ஆண்டு அவர்கள் இதனை வெளியிட்ட பின்னர் ஐயத்துக்கு இடம் மிகக் குறைந்துபோயிற்று.

எமது அப்பாச்சியார் கிடாரத்திலே நெல் அவித்து, பாயிற் பரப்பி, வெயிலிற் காயவைப்பதை நாம் சிறுவயதில் எத்தனையோ நாள் பார்த்திருக்கின்றோம். கோழி கலைப்பது எமது உத்தியோகம். "ஏன் அவிக்க வேணும் அப்பாச்சி?" என்று கேட்டால், "அவிச்சால்தான் மேனே அரிசி முறியாது, வயித்துக்கும் நிக்கும்" என்பார். நெல் ஊறி அவியும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் விற்றமின் பி ஒன்றில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிக்கொள்ளுகின்றது; அதனால் தவிடு போனபின்னும் அது முற்றாய்ப் போவதில்லை. அந்தச் சத்தை 1926 ஆம் ஆண்டு யான்சன், டொனாத் என்னும் இருவர் யாவாவிலே தவிட்டிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பை 1936 ஆம் ஆண்டு நிறுவியவர் இந்தியாவின் நெல்லூரிலே பிறந்த ரொபேட் வில்லியம்ஸ். அப்பாச்சியின் வழக்கம் சரியே. ஆனால் அது சரி என்பதை உலகம் அறிந்தது, அவ்வழக்கம் இல்லாதவரையும் உள்ளவரையும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தபின்னர். பழைமையெல்லாம் மடமை என்போருக்கும், பழைமையெல்லாம் விஞ்ஞானம் என்போருக்கும் இக்கதையிலே பாடம் உண்டு. எது நின்றது, எது விழுந்தது என்று பார்த்தே சொல்லவேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களை மறைக்காமற் சொல்லவேண்டும். ஒன்று: பிளெச்சரின் ஒப்பீடு எது என்பதைக் காட்டிற்று, ஏன் என்பதைக் காட்டவில்லை. பச்சையரிசியிலே நஞ்சு உண்டா, அன்றி ஒரு சத்து குறைவா என்பதை அவரால் முடிவுசெய்ய இயலவில்லை. ஒரு கட்டுப்பாடு ஒரு கேள்விக்கே விடை தரும். அடுத்த கேள்விக்கு அடுத்த கட்டுப்பாடு வேண்டும். மற்றது: அந்த 18 பேர். தம்மை வைத்து என்ன செய்யப்படுகின்றது என்று அறிந்து சம்மதிக்கும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. இன்று அத்தகைய பரிசோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இடங்கொடாது. நல்ல மருந்து ஒன்று உண்டென்று தெரிந்தால் அந்த மருந்தையே ஒப்பீடாகக் கொள்ளவேண்டும். ஒருவரையும் வெறுமனே விட்டுப் பார்க்கலாகாது. நாம் இன்று உண்ணும் அறிவிலே பிறர் உயிரும் கலந்திருக்கின்றது என்பதை மறவாதிருத்தல் கடன்.

சரி, கோழியும் மலாயாவும் கிடக்கட்டும். அடம்பனுக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம்.

2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் நாடு முழுவதும் நெல் விளைச்சல் பெரிதும் விழுந்தது. கட்டுக்கரைக்குளத்து நீரிருந்தும் எமது வயல்கள் மஞ்சளித்து நின்றதைப் பார்த்தோம். சேதனப் பசளை நல்லதா தீயதா என்பதன்று இங்கே எமது கேள்வி. ஒரு நாட்டின் வயலெல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுமுன், ஊருக்கு ஒரு துண்டிலே மாற்றியும் ஒரு துண்டிலே மாற்றாமலும் சில போகம் பார்த்திருக்கலாமே என்பதே எமது ஆற்றாமை.

நாட்டைச் சொல்லிவிட்டு வீட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்திலே, பயிருக்குத் தெளிக்கும் திரவம் ஒன்று எமது பகுதியிலும் விற்பனைக்கு வந்தது. 2022 ஆம் ஆண்டுப் பெரும்போகத்திலே எமது தந்தையார் அதனை வாங்கித் தெளித்தார். கைப்பணம் போதாமையால் எமது தாயாரின் சங்கிலி அடைவுக்குப் போயிற்று. அந்தப் போகம் விளைச்சல் நன்றாய் வந்தது. தந்தையார் மகிழ்ந்தார், அயலவருக்கும் சொன்னார், அவர்களும் வாங்கினார்கள். அன்று தொடக்கம் போகத்துக்குப் போகம் அது வீட்டுச் செலவிலே ஒன்றாயிற்று. சங்கிலி மீள்வதும் மீண்டும் போவதுமாக இருக்கின்றது.

விடுமுறையில் வந்திருந்தபோது நாம் கேட்டோம்: "அது வேலை செய்யுது எண்டு எப்பிடியப்பா தெரியும்?"

"போட்டன், விளைஞ்சுது. இதுக்குமேலை என்ன சாட்சி வேணும் தம்பி?" என்றார்.

"அந்தப் போகந்தானே யூரியாவும் திரும்பக் கிடைச்சது? விதையும் மாத்தினீங்கள்."

சற்றுநேரம் பேசாமலிருந்தார். "அப்ப அது ஒண்டுக்கும் உதவாது எண்டு சொல்லுறியோ?" என்று கேட்டார்.

இல்லை; அப்படிச் சொல்லவும் எம்மால் முடியவில்லை. பல்கலைக்கழகம் சென்று படிக்கும் நாம், எமது வீட்டு வயலிலே தெளிக்கும் ஒரு நீர் பயன்படுமா படாதா என்று சொல்ல இயலாமல் நின்றோம். மருந்து நல்லதாயுமிருக்கலாம், வெறும் நீராயுமிருக்கலாம். இத்தனை போகம் காசு கொடுத்தும் அதை அறியாமலிருக்கின்றோமே, அதுதான் நட்டம். ஒரேயொரு துண்டைத் தெளிக்காமல் விட்டிருந்தால் முதற்போகத்திலேயே கொஞ்சம் வெளித்திருக்கும்.

இங்கிலாந்திலே ரொதம்ஸ்ரெட் என்னும் இடத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கோதுமை வயல் உண்டு. 1843 ஆம் ஆண்டு லோஸ், கில்பேட் என்னும் இருவர் அதனை நீளத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பசளை இட்டனர். ஒரு துண்டுக்கு மட்டும் ஒன்றுமே இடவில்லை. இன்றுவரை அந்தத் துண்டுக்குப் பசளையே இடுவதில்லை. அதைப் பார்க்கும் அறியாதவர், நல்ல நிலத்தை வீணாக்குகின்றார்களே என்பர். அந்த மெலிந்த துண்டு இல்லாவிட்டால் மற்றத் துண்டுகளின் செழிப்புக்கு அளவுகோல் ஏது? வயலிலே மிகக் குறைவாய் விளையும் அந்த இடந்தான் அறிவை மிகக் கூடுதலாய் விளைவிக்கின்றது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே பானையில் ஒரே தீயில் அவிந்த சோற்றுக்கு அது பொருந்தும். வயல் ஒரு பானையன்று. வாய்க்காலுக்குக் கிட்டிய பக்கம் ஒரு விதம், தூரப் பக்கம் ஒரு விதம். ஆகையால் ஒப்பிடுவதற்கும் ஒழுங்கு வேண்டும். அதற்காக எமது சங்கத்தின்முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கின்றோம்.

வரும் பெரும்போகத்திலே, விரும்புகின்ற சில கமக்காரர் தத்தம் வயலில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்கட்டும். அதனை ஆறு துண்டாகப் பிரித்து இரண்டிரண்டாகச் சோடி சேர்ப்போம். ஒவ்வொரு சோடியும் ஒரே நிலமாய், ஒரே நீர் பாய்வதாய் இருக்கவேண்டும். ஒன்றின் நீர் மற்றதற்குள் இறங்காதபடி நடுவில் வரம்பு வேண்டும். விதை ஒன்று, விதைக்கும் நாள் ஒன்று, பசளை ஒன்று, களை பிடுங்குவது ஒன்று. சோடியில் எதற்குத் திரவம், எதற்கு இல்லை என்பதை நாணயஞ் சுண்டித் தீர்மானிப்போம். நாமே தெரிவுசெய்தால் நல்ல துண்டுக்கே எம் கை போகும். திரவம் தெளிக்காத துண்டுக்கும் அதே நாளில் அதே அளவு வெறும் நீரைத் தெளிப்போம். நீரின் பயனைத் திரவத்தின் கணக்கில் எழுதிவிடாதிருக்க அது உதவும். வெட்டியபின் கண்ணால் மதிக்காமல் தராசில் நிறுப்போம். நிறுப்பவருக்கு எந்த மூடை எந்தத் துண்டுக்குரியது என்று தெரியாமலிருப்பது நன்று. நேர்மையீனத்தால் அன்று, ஆசையினால் கண் ஏமாறும். முன்சொன்ன குழாயிலே எமது கண் ஏமாந்ததுபோல.

ஒரு போகத்தோடு முடிந்துவிடாது. மழை மாறும், நோய் மாறும். இரண்டு மூன்று போகம் தொடர்ந்தால் நம்பிச் சொல்லலாம். இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். வரம்பு கட்ட மண்வெட்டியும், ஒரு தராசும், ஒரு கொப்பியும், பொறுமையும் போதும். கொப்பி எழுதும் வேலையைச் சங்கத்து வாலிபர் ஏற்கட்டும். விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையையும் கேட்போம்.

இதைச் சொன்னபோது எமது தந்தையார் கேட்ட கேள்வியை இங்கும் சிலர் மனத்திலே கேட்பீர்கள்: "தெளிக்காமல் விடுற துண்டிலை நட்டம் வந்தால் ஆர் தாறது?" நியாயமான கேள்வி. கமக்காரனின் வயிற்றிலே பரிசோதனை செய்ய எமக்கு உரிமையில்லை. பிளெச்சரின் கதையைச் சற்றுமுன் சொன்ன வாயால் அதை மறுக்க முடியாது. ஆகவே துண்டு சிறிதாயிருக்கட்டும். வயற்காரர் தாமே மனம் ஒப்பித் தரட்டும். குறைவு வந்தால் அதைச் சங்கம் பகிர்ந்துகொள்ளட்டும். அதைவிட ஒன்றையும் சொல்லுவோம். தெளிக்காத துண்டிலே குறைவு வந்தால், தெளிப்பதற்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று அன்றுதான் மனம் ஆறி அறிவோம். குறைவு வராவிட்டால், சங்கிலி வீட்டிலிருக்கும். எப்படி முடிந்தாலும் அறியாமைதான் தோற்கும்.

தந்தையார் ஒருநாள் முழுவதும் யோசித்தார். மறுநாட் காலையிலே வரம்பில் நின்று, கிழக்குப் பக்கத்துக் கால் ஏக்கரைக் கையாற் காட்டி, "அதை எடு. ஆனால் தராசு நான்தான் பிடிப்பன்" என்றார். நிறுப்பவர் அறியலாகாது என்ற விதி அங்கே சற்று இடறும். ஆயினும் மூடையிலே பெயர் எழுதாமல் இலக்கம் மட்டும் எழுதிவிட்டால் அவர் தராசு பிடிப்பதிற் குற்றமில்லை. அவருக்கும் அது சம்மதம். முடிவு எதுவாயினும் அடுத்த ஆண்டு மலரிலே அதை உள்ளது உள்ளபடி எழுதுவோம். திரவம் வென்றால் முதலில் மகிழ்பவர் நாமே. அதுவே வெல்லவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தராசின் பக்கம் போகமாட்டோம், அவ்வளவே.

வாயிலிலே எம்மைத் தட்டிக்கொடுத்த பெரியவருக்கு இப்போது விடை சொல்லுகின்றோம். ஐயா, பரிசோதனையிற் கட்டுப்பாடு என்பது குழாய்க்கும் கோழிக்கும் வயலுக்கும் இடுகின்ற கட்டுப்பாடு போலத் தோன்றும். உண்மையிலே அது பரிசோதிப்பவனின் மனத்துக்கு இடுகின்ற கட்டுப்பாடு. நினைத்தது நடந்துவிட்டது என்று துள்ளும் மனத்தைப் பிடித்து நிறுத்தி, "நினைத்தது இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமோ?" என்று கேட்கச்செய்யும் பழக்கம் அது. மேடையிலே கேட்பவற்றையும், கடையிலே விற்பவற்றையும், கைத்தொலைபேசியிலே வருபவற்றையும் இந்தக் கேள்வியோடு எதிர்கொள்ளும் வாலிபன் எளிதில் ஏமாறமாட்டான். பிறரை ஏமாற்றவும் மாட்டான். நீங்கள் எம்மிடம் எதிர்பார்த்த கட்டுப்பாடும் அதுதானே?

 பேச்சு முடிந்தபின் தத்தம் வயலிலே கால் ஏக்கர் தர விரும்புகின்றவர்கள் எம்மிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகும்படி வேண்டிக்கொண்டு அமைகின்றோம்.